ஒரே உறையில் இரண்டு கடிதங்கள்

டெலிபோன் மணி அடித்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார். எடுக்கப் போக மாட்டார். எடுப்பது சமையற்காரியின் வேலை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்து நிற்பார். "காஸ் சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம்" என்று அங்கிருந்து அவள் கன்னடத்தில் கத்துவாள். அவர் உட்காருவார். "எங்க விட்டோம் அம்மிணி?" என்று என்னைக் கேட்பார். நான் சுருக்கெழுத்து நோட்டைப் பார்த்துக் கடைசி வாக்கியத்தைப் படிப்பேன். நான் படித்து முடிப்பதற்குள் அவர் ஜன்னலுக்குப் போயிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து தன் சொந்தக் கதையைக் கூடவா சொல்ல முடியாது?

அவர் ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். தென்மாநிலம்தான், எது என்று சொல்லப்போவதில்லை. பதவி முடிந்து மைசூருக்கு வந்து யாதவகிரியில் ஒரு பழைய வீட்டில் இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் அமெரிக்காவில். தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுத வேண்டும், சொல்லச் சொல்ல எழுதி டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று தேடினார். தேவராஜ மொஹல்லாவில் நான் வேலை பார்த்த டைப்பிங் கடைக்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார். "நீ போம்மா, உனக்குத்தான் வாய் ஜாஸ்தி, அவருக்குச் சரியா இருக்கும்" என்றார். தொண்ணூறுகளின் பின்பாதி அது. தில்லியில் ஆட்சிகள் வருவதும் கவிழ்வதுமாக இருந்தன. ஒவ்வொன்றும் கவிழும்போது எங்கோ ஒரு ராஜ்பவன் காலியாகும் என்று அவர் கணக்குப் போடுவார். இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று முழுசாக நம்பினார். மணி அடித்தால் எழுந்து நிற்பது அதற்காகத்தான்.

எனக்கும் ஒரு செய்தி வரவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் மத்திய அரசின் ஒரு துறையில் கிளார்க். கல்யாணமான மறுவருஷமே நாக்பூருக்குத் தூக்கிப் போட்டார்கள். ஐந்து வருஷமாக மாற்றல் மனு போட்டு அலுத்துப்போயிருந்தார். மேலே இருக்கும் அதிகாரி சரி என்பார், கீழே இருக்கும் தலைமை கிளார்க் ஃபைலின் மேல் உட்கார்ந்துகொள்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பொய்யா? வீட்டுக்காரர் நாக்பூர் போன பிறகுதான் எங்கள் மகள் பிறந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நாள், அவ்வளவுதான் அவளுக்கு அப்பா.

அந்த வருஷம் தசராவுக்கு வந்திருந்தார். அவளுக்கு நாலரை வயது. பொம்மை, சட்டை, ஆரஞ்சுப் பழ மிட்டாய் எல்லாம் வாங்கி வந்து தரையில் பரப்பி உட்கார்ந்து கூப்பிடுகிறார், இவள் என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆ அங்கிள் யாவாக ஹோக்தாரே?" என்று கேட்டாள். அந்த அங்கிள் எப்போ போவார் என்று! மைசூரில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குக் கன்னடம் புரியாதா? சிரித்தார். "ஞாயித்துக்கிழமை போவார் கண்ணா" என்று அவளுக்குப் பதிலும் சொன்னார். பிறகு குளிக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், இனிமேல் மானம் மரியாதை பார்க்கப் போவதில்லை என்று.

அதற்கு அடுத்த வாரம்தான் இந்த முன்னாள் ஆளுநர் வீட்டு வேலை கிடைத்தது. என் மனசு எப்படித் துள்ளியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கரும்பு தின்னக் கூலியா என்றுதான் போனேன்.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மேடையில் ஆங்கிலம். புத்தகத்துக்காகச் சொல்லும்போது இங்கிலீஷ் கோட்டு மாட்டிக்கொண்டு வரும். கோபமோ குஷியோ வந்துவிட்டால் கொங்குத் தமிழ் வெளியே குதித்துவிடும். அப்பா மானாவாரி நிலத்தில் ராகி விதைத்தவர். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதசாரிகளுக்கு வழியில் மோர் ஊற்றிய குடும்பம். பையனைக் கொள்ளேகால் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து மைசூர், சட்டப் படிப்பு, கொள்ளேகால் கோர்ட், தேர்தல், சட்டசபை, மந்திரி. அப்புறம் ஒரு தேர்தலில் தோற்றுப்போனார். "தோத்தவனுக்கு என்ன பண்றதுன்னு தெரியல அம்மிணி, அதனால கவர்னர் ஆக்கிட்டாங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, "இதைப் புஸ்தகத்துல போடாத" என்றார். நான் பென்சிலை நகர்த்தவேயில்லை. எது புத்தகத்துக்கு, எது எனக்கு என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

ராஜ்பவன் அத்தியாயத்துக்கு வந்ததும் மனுஷர் நிலைகொள்ளவில்லை. அவர் அனுப்பிய அறிக்கை ஒன்றால் அந்த மாநிலத்தில் ஒரு மந்திரிசபை கவிழ்ந்திருந்தது. அதை மூன்று விதமாகச் சொன்னார். திங்கட்கிழமை, தில்லி நெருக்கியது, வேறு வழியில்லை. புதன்கிழமை, மனசாட்சிப்படி தானே முடிவெடுத்தது. வெள்ளிக்கிழமை இரண்டும் சேர்ந்து. "சார், எதை டைப் அடிக்கட்டும்?" என்று கேட்டேன். "அடுத்தாப்ல ஆரு வர்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. தில்லியில் எந்தக் கட்சி வருகிறதோ அதற்கு ஏற்ற கதை! ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. சமையற்காரிக்கு ஜுரம் என்றால் தானே ரசம் வைத்துக் கொடுக்கிறவர்.

கையெழுத்துப் போடும் விதத்தில் மட்டும் அவர் இன்னும் ஆளுநராகவே இருந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடிதங்களை மையொற்றுத் தாள் வைத்த அட்டைப் புத்தகத்தில் அடுக்கி, கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்போம். கையெழுத்தானதும் ரப்பரால் அழித்துவிடலாம். அவர் அந்தக் குறியைத்தான் பார்ப்பார், கடிதத்தைப் பார்க்க மாட்டார். "ராஜ்பவன்ல பக்கத்துல ஒருத்தன் நின்னு பக்கத்தைத் திருப்பிட்டே இருப்பான், நான் போட்டுட்டே இருப்பேன். பாதிக்கு மேல எனக்குப் பிடிக்காத காரியம். ஆனா எல்லாத்துலயும் 'ஆளுநர் மகிழ்ச்சியுடன்'னுதான் எழுதியிருக்கும்" என்று சிரித்தார். நான் வைத்த இடத்தில் எல்லாம் போடுவார். மின்சார வாரியத்துக்குப் புகார், கல்யாணப் பத்திரிகை அனுப்பியவருக்கு வாழ்த்து, எதுவானாலும் சரி.

ஒரு மாசம் பொறுத்தேன். எனக்கு அது யுகம். ஒருநாள் நல்ல மூடில் இருக்கிறார் என்று பார்த்துக் கேட்டேவிட்டேன். வீட்டுக்காரர், நாக்பூர், குழந்தை, அங்கிள், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"பதவியில இருந்தப்பவே என்ற தம்பி மவனுக்கு ஒரு கடுதாசி குடுக்கல நான். அந்தக் கோவத்துல அவன் கல்யாணத்துக்கே என்னையக் கூப்படல. இன்னிக்கு உனக்குக் குடுத்தா அவன் மூஞ்சில எப்புடி முழிப்பேன் சொல்லு."

"ஊர்ல எல்லாரும் கொடுக்கறாங்களே சார்."

"எல்லாரும் குடுக்கறாங்க. அதனாலதான் ஊரு இந்த லட்சணத்துல இருக்குது. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். பென்சில் முனை ஒடிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொள்கிறவர்களுக்கு அதன் செலவு எப்போதும் அடுத்த வீட்டுக்காரன் தலையில்தான்.

அடுத்த வருஷம் மார்ச்சில் தில்லியில் மறுபடி ஆட்சி மாறியது. காலையில் நான் போகும்போதே அவர் மூன்று பத்திரிகைகளைத் தரையில் விரித்து, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, மந்திரிகள் பட்டியலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. "இவனுக்கு மொதமொதல்ல பதவிப் பிரமாணம் செஞ்சு வெச்சதே நாந்தான். கை நடுங்குச்சு அன்னிக்கு அவனுக்கு. இப்ப பாரு, தில்லியில பெரிய கை." நான் எட்டிப் பார்த்தேன். பெயருக்கு எதிரே துறையின் பெயர். என் வீட்டுக்காரரின் துறை.

அந்த மந்திரிக்கு ஒரு கடிதம் சொல்லத் தொடங்கினார். நாலு நாள் ஆயிற்று அந்த ஒரு கடிதம் முடிய. முதல் நாள், வாழ்த்து மட்டும். இரண்டாம் நாள், "எனக்கென்று எதுவும் வேண்டியதில்லை" என்று ஒரு வரி. மூன்றாம் நாள், "என் அனுபவம் நாட்டுக்குப் பயன்படுமானால்" என்று ஒரு வரி. நாலாம் நாள் ஜன்னலைப் பார்த்தபடி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, காலியாக இருக்கும் இரண்டு ராஜ்பவன்களின் பெயரைச் சொன்னார். உரிய இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் நன்றியுடன் இருப்பேன் என்றார். அவர் காது மடல் சிவந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். பாவமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. தனக்கு என்றால் வாய் திறக்கிறது, எனக்கு என்றால் கொள்கை குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது! ஊருக்குத்தான் உபதேசமா என்று உள்ளே கொதித்தது.

பின்கட்டில் என் டைப்ரைட்டர். அவர் கடிதத்தை அடித்து முடித்தேன். இன்னொரு தாளைச் செருகினேன். அதே கடிதத்தாள், அதே முத்திரை. ஆறே வரி. அவர் நடை எனக்கு அத்துப்படி. ஐந்து மாசமாக அவருடைய வாழ்க்கையையே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆறு வரி எழுத முடியாதா? என் வீட்டுக்காரர் பெயர், பதவி, இருக்கும் ஊர், வரவேண்டிய ஊர். கடைசியில் நானாக ஒன்று சேர்த்தேன்: "நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் இதைக் கேட்கிறேன்." எழுதிவிட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் எனக்கு இல்லை என்று சொன்ன காரணத்தையே எடுத்து அவருடைய கடிதத்தில் நெம்புகோலாகப் போட்டுவிட்டேன். கெட்டிக்காரி! இப்போது நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

அட்டைப் புத்தகத்தில் மேலே அவர் கடிதம், அதன் அடியில் என்னுடையது. அதற்கும் அடியில் மாநகராட்சிக்கு ஒரு தண்ணீர்க் குழாய்ப் புகார். மூன்றிலும் பென்சில் குறி. தன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொன்னார், பிறகு இருக்கட்டும் என்றார். கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தைத் திருப்பினேன். கண் இன்னும் முந்தின கடிதத்திலேயே இருந்தது, கை மட்டும் குறியைத் தேடி வந்து போட்டுவிட்டது. திருப்பினேன். தண்ணீர்க் குழாய்க்கும் போட்டார். "இன்னிக்கே பதிவுத் தபால்ல போட்டுரு" என்றார்.

தபாலாபீஸில் வரிசையில் நிற்கும்போதுதான் யோசித்தேன். இரண்டு பதிவுத் தபால் என்றால், சேர்ந்ததற்கு அத்தாட்சியாக இரண்டு அட்டை அவர் வீட்டுக்குத் திரும்பி வரும். ஒன்றுக்குக் கணக்குத் தெரியும், இன்னொன்று யாருடையது என்று கேட்பார். மாட்டிக்கொள்வேன். தவிர, ஒரே விலாசத்துக்குப் போகிறதை ஒரே உறையில் போடு என்பது டைப்பிங் கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். இரண்டையும் மடித்து ஒரே உறையில் வைத்து ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சந்தைப் பக்கம் போய்க் குழந்தைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன்.

பத்து நாளில் அத்தாட்சி அட்டை வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார், அதில் ஒரு குமாஸ்தாவின் கிறுக்கல் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மூடிய கழுத்துக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கினார். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்கச் சொன்னார். புத்தகம் அப்படியே நின்றுபோயிற்று. நான் வருவேன், உட்காருவேன், நோட்டைத் திறப்பேன். அவர் கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். "வருமா அம்மிணி?" என்பார். "வரும் சார்" என்பேன். அவர் கேட்டது அவருடையதை, நான் சொன்னது என்னுடையதை.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பதில் வந்தால் தொலைந்தேன், வராவிட்டாலும் தொலைந்தேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் விரல் தப்பான எழுத்தில் விழும். காலையில் பஸ்ஸிலிருந்து சாமுண்டி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் போட்ட கும்பிடு. வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். குழந்தையை ஒன்றுமில்லாததற்கு அடித்தேன். "ஏண்டி இப்படி ஆடறே, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லை போ" என்றேன்.

ஆறாவது வாரம். மத்தியானம் தபால்காரர் வந்தபோது அவரே வாசலுக்குப் போனார். அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. நின்றபடியே கிழித்துப் படித்தார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு என்னமோ ஆயிற்று. மறுபடி முதலிலிருந்து படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நேராக உள்ளே வந்து, "உக்காரு" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

சத்தமாகப் படித்தார். தங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. தாங்கள் செய்து வைத்த பதவிப் பிரமாணத்தை மறக்கவில்லை. யாருக்காகவும் எதையும் கேட்காத தாங்கள் முதல்முறையாக ஒன்று கேட்டதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, அந்த ஊழியரை மைசூருக்கு மாற்றும் ஆணையை இன்றே பிறப்பித்திருக்கிறேன். இம்மாதிரி எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் எழுதவும். அவ்வளவுதான். ராஜ்பவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இத ஆரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"உங்களுதுதான் சார்."

"படிக்காம போட்டனா?" நான் தலையாட்டினேன். "ம். படிக்காமத்தான் போட்டிருக்கேன்." கடிதத்தை மேஜையில் வைத்துச் சுருக்கம் நீவினார். "ரெண்டையும் ஒரே கவர்லயா வெச்ச?"

"ஆமா சார்."

கண்ணை மூடிக்கொண்டார். "ஒரே தேங்காய ஒடச்சு ரெண்டு வரம் கேட்டா, சாமி சின்னதத்தான் குடுக்கும் அம்மிணி. குடுத்துட்டு, வந்தவனுக்குச் செஞ்சாச்சுன்னு நடையச் சாத்திக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருடியது ஒரு கையெழுத்தை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். "நான் என்ன பண்ணட்டும் சார்? என் குழந்தைக்கு அப்பா யாருன்னே தெரியலை. அங்கிள்ங்கறா. உங்களைக் கேட்டேன், இல்லைன்னுட்டீங்க. நீங்க மட்டும் உங்களுக்காகக் கேக்கலையா?" என்று கத்திவிட்டேன். சமையற்காரி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் கத்தவில்லை. "எழுதிக்க" என்றார். ஆங்கிலம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தது. அந்த மாற்றல் குறித்த கடிதம் என் கவனக்குறைவால் என் கையெழுத்துடன் வந்துவிட்டது. அது என் விருப்பம் அல்ல. அதை வராததாகக் கருதி, ஆணையை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். டைப் அடித்த என் பெயரை அவர் அதில் சொல்லவேயில்லை. முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டேன். ஒரு கோடு பிசகவில்லை. என் வீட்டுக்காரரை நாக்பூரிலேயே கட்டிப்போடும் கடிதத்தை ஒரு தப்பு இல்லாமல் அடித்து, பென்சில் குறி போட்டு, கொண்டுபோய் வைத்தேன்.

இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"கவர்னருக்கு ஒரு வசதி உண்டு, தெரியுமா? சட்டசபை அனுப்பற மசோதாவ ஒருக்கா திருப்பி அனுப்பலாம், இன்னொருக்கா யோசிங்கன்னு. அதையே மறுபடி அனுப்பிட்டாங்கன்னா கையெழுத்துப் போட்டே ஆகோணும். தப்பிக்க முடியாது." தாளை என் பக்கம் தள்ளினார். "இத நான் திருப்பறேன். நாளைக்கு நீ கொண்டாந்து வெச்சீன்னா போட்டுருவேன். யோசிச்சுக்க."

பாவி மனுஷன்! வெட்டுகிறதென்றால் வெட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, கத்தியை ஏன் என் கையில் கொடுக்கிறார்? பஸ்ஸில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். தாள் கைப்பையில் இருந்தது.

மறுநாள் காலை பக்கத்து மருந்துக் கடைக்கு நாக்பூரிலிருந்து போன் வந்து, என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். "ஆர்டர் வந்துடுச்சுடி!" என்றார் என் வீட்டுக்காரர். அப்படித் துள்ளும் குரலை அஞ்சு வருஷமாக நான் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை வந்து சேர்றேன். யார் கையையும் பிடிக்காம, யார் காலையும் பிடிக்காம, நம்ம முறைக்கு வந்தது பாரு. அதுதான் எனக்குப் பெருமை." நான், "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? மருந்துக் கடைக்காரர் சில்லறை எண்ணுகிற சாக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்று கேட்டார். நல்ல சேதிதான் என்றேன்.

யாதவகிரிக்குப் போகும் வரை எனக்கு எந்த முடிவும் இல்லை. கேட்டைத் திறக்கும்போது கொடுத்துவிடுவது என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றும்போது கூடாது என்று நினைத்தேன். அவர் மேஜையில் பேனா மூடி கழற்றி வைத்திருந்தது. புத்தகத்துக்கு ஒரு வரியும் சொல்லவில்லை. நான் பழைய அத்தியாயங்களைப் பக்க வரிசைப்படி அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். மதியம் காபி வந்தது. ஆடை படிந்து ஆறிப்போயிற்று. அவர் ஒரு தடவைகூட ஜன்னலுக்குப் போகவில்லை. அவர் கூடத்துக்கும் ஜன்னலுக்கும் நடப்பதைவிட அது எனக்கு மோசமாக இருந்தது.

நாலு மணிக்கு நான் எழுந்தேன்.

"கொண்டாந்தியா?" என்றார்.

"இல்லை சார்."

அவர் என் கைப்பையைப் பார்த்தார். ஜிப் முழுசாக மூடாத பழைய பை, தாளின் ஓரம் தெரிந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையை இடுக்கிக்கொண்டேன். பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார்.

"எப்ப வர்றாரு உன்ற ஊட்டுக்காரரு?"

"வெள்ளிக்கிழமை சார்."

"ரெண்டு பேரு கேட்டோம். ஒருத்தருக்காச்சும் கெடச்சுதே." அட்டைப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். "வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்க. கொழந்தையக் கூட்டீட்டுப் போய் ஸ்டேசன்ல நில்லு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவர் காலில் விழுந்திருக்கலாம், அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். அவருக்கு அதற்குப் பிறகு தில்லியிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. தனி உறையில் போட்டிருந்தால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் நின்றேன். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். குழந்தை நச்சரித்தாள், தூங்கினாள், எழுந்தாள். கடைசியில் என் வீட்டுக்காரர் படுக்கைச் சுருளும் டிரங்குப் பெட்டியுமாக இறங்கி, எங்களைப் பார்த்ததும் பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். குழந்தை என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு, "இவர் எப்போ போவார்?" என்று கேட்டாள். "போக மாட்டார்" என்றேன். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.